கடைந்தெடுத்த விளக்குக் கூடு

ஒருவனைக் 'கடைந்தெடுத்த முட்டாள்' என்று ஏசுகிறோமே, அந்தச் சொற்றொடரை நான் எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டும் சொல்லியும் வந்திருக்கிறேன். வகுப்பிலே ஓரிரு மாணவர்மீது அதனைப் பிரயோகித்த பாவமும் எனக்கு உண்டு. ஆயினும் கடைந்தெடுத்தல் என்றால் என்ன என்பதை நான் கண்ணாற் கண்டது 2025 ஆம் ஆண்டு தை மாதத்திலேதான். அதுவும் தூரதேசத்தில் அன்று. பாமன்கடையில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், கால்வாய்க் கரையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையிலே கண்டேன். கண்டதோடு நில்லாமல் கையும் வைத்தேன். கைவைத்த பிறகு அந்த வசையை மாணவர்மீது எறிவதை நிறுத்திவிட்டேன். அவ்வளவு உழைப்புக்குத் தகுதியான முட்டாள்கள் என் வகுப்பில் இல்லை.

காரணம் என் தாயாரின் கண். 2024 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அம்மாவுக்கு இரு கண்களிலும் புரை நீக்கும் சத்திர சிகிச்சை நடந்தது. நன்றாகவே நடந்தது. எண்பதை நெருங்கும் வயதிலும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மரண அறிவித்தல்களை ஓரெழுத்து விடாமல் வாசித்து, இன்னார் இன்னாருக்கு என்ன முறை என்று எங்களுக்கு விளக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் ஒரு புதுத் தொல்லை முளைத்தது. அம்மாவின் அறையில் இரவு முழுவதும் ஒரு சிறு விளக்கு எரியவேண்டும். அது எங்கள் வீட்டிலே நாற்பதாண்டு வழக்கம். அந்த விளக்கே இப்போது அவருக்கு ஆகவில்லை.

"ஊசி குத்துற மாதிரிக் கிடக்கு, தம்பி. நூத்து விட்டால் நித்திரை வராது. எரிய விட்டாலும் வராது. நான் என்ன செய்ய?" என்றார்.

அவர் சொன்னது வீண் முறைப்பாடன்று. முதுமையில் நமது கண்வில்லை மெல்ல மெல்ல மஞ்சளித்துப் பழுக்கிறது. அப்படிப் பழுத்த வில்லை, வெளிச்சத்திலுள்ள நீலத்தின் பெரும் பங்கை வடித்துவிடுகிறது. அதனை அகற்றிவிட்டுத் தெளிவான செயற்கை வில்லையை வைத்ததும், பல ஆண்டுகளாக வெளியே நின்ற நீலமெல்லாம் ஒருங்கே உள்ளே நுழைகின்றது. இக்காலத்து வெள்ளை எல்.ஈ.டி. மின்குமிழ்களிலோ நீலம் சற்றுத் தாராளம். மஞ்சள் நிறக் குமிழ் ஒன்றை மாட்டிவிட்டால் தீர்ந்ததே என்று வாசகர் சொல்லலாம். மாட்டினேன். நிறம் சரிதான், ஆனால் வெறுங்குமிழ் கண்ணைக் கூசச் செய்கிறது என்றார். காலி வீதிக் கடைகளில் பிளாஸ்ரிக் கூடு, துணிக் கூடு, கடதாசிக் கூடு என மூன்று வகை வாங்கிவந்தேன். முதலாவது ஆஸ்பத்திரியை நினைவூட்டியது. இரண்டாவது தூசி பிடித்தது. மூன்றாவதினுள்ளே ஒரு பல்லி குடியேறி, அதன் நிழல் சுவரிலே முதலை போலப் படுத்திருந்தது. பௌதிகம் கற்பிக்கும் ஒருவன் தன் தாயின் அறை விளக்கைச் சரிசெய்ய முடியாமல் நின்றது எனக்கே வெட்கமாக இருந்தது.

இந்தச் சமயத்திலேதான் முற்றத்து மரத்தை வெட்டவேண்டி வந்தது. கொழும்பிலே கிறிஸ்மஸ் மரம் என்று சொல்வோமே, நடுத்தண்டு ஈட்டிபோல் நேரே மேலேற, கிளைகள் அடுக்கடுக்காகச் சக்கர வடிவிலே சுற்றி நீட்டி நிற்குமே, அந்த மரம். அதன் ஊர் பசிபிக் சமுத்திரத்திலுள்ள நோபோக் தீவு. 1774 இல் கப்டன் குக் அத்தீவைக் கண்டபோது, இம்மரங்களின் நேர்மையைப் பார்த்துக் கப்பற் பாய்மரத்துக்கு உதவும் என்று மகிழ்ந்தாராம். பின்பு அது பாய்மரத்துக்கு உதவவில்லை என்பது வேறு கதை. பெயரளவில் அதனைப் பைன் என்பார்கள். உண்மையிலே அது பைன் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. பேராதனைப் பூங்காவிலே வளைந்து வளைந்து நிற்கும் மரச்சாலை ஒன்று உண்டல்லவா? அம்மரங்கள் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று சொல்லலாம். எங்கள் முற்றத்து மரமும் கடைசிக் காலத்தில் அப்படித்தான் சாயத் தொடங்கியது. வேர் மதிலைத் தூக்கிவிட்டது. சாய்ந்த பக்கம் அயலவர் கூரை. வேறு வழியில்லை. 2025 ஜனவரி முதல் வாரத்தில் ஆட்கள் வந்து உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்கினார்கள்.

1986 இல் அப்பா நட்ட மரம் அது. அப்பா மறைந்து பதினோராண்டாகிறது. மரம் போன பின் அம்மா இரண்டு நாள் தமது அறை யன்னலைத் திறக்கவில்லை. எங்களிடம் கோபித்தார் என்றும் சொல்லமுடியாது. 'வெட்டத்தானே வேணும்' என்று அவரே சொன்னவர். ஆனால் யன்னல் திறக்கவில்லை.

அறுத்த தண்டுகள் மதிலோரம் கிடந்தன. எரிவாயு அடுப்புக் காலத்தில் அவற்றை யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு துண்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் எப்போதோ வாசித்த செய்தி நினைவுக்கு வந்தது. ஹவாய்த் தீவிலே றொன் கென்ற் என்பவர் இதே மரத்தை ஒளி ஊடுருவும்படி மெல்லிய கிண்ணங்களாகக் கடைந்து பெயர் பெற்றவர். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரிலே பீற்றர் புளொக் என்பவர் ஆஸ்பென் மரத்தில் விளக்குக் கூடுகளே கடைகிறார். மரத்தாலான கூடு! மரமும் எங்கள் மரம்! யோசனை தலைக்கேறியதும் துண்டொன்றை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

அந்தக் கொட்டகைக்காரரை நான் 'பாசுன்னஹே' என்றே அழைப்பது வழக்கம். மொறட்டுவையிலே பிறந்து, தச்சுத் தொழிலிலே வளர்ந்தவர். வயது அறுபத்து மூன்றோ நான்கோ. வெள்ளவத்தையிலே வெகுகாலம் பழகியதால் தமிழ் தட்டுத் தடுமாறியும் தடையின்றி வரும். கட்டிற்கால், கதிரைக்கால், மாடிப்படிக் கைப்பிடித் தூண்கள் ஆகியனவே அவர் கடைவது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மரத்தை நகத்தாற் கீறிப் பார்த்தார்.

"சேர், இது விறகுக்கும் சரிவராத மரம். வெளிச்சம் தெரியிற மாதிரிக் கடைய நான் என்ன கண்ணாடிக்காரனா?" என்றார். சொல்லிவிட்டு அந்தத் துண்டைத் திருப்பித் தரவுமில்லை. "ஞாயிற்றுக்கிழமை வாங்க" என்றார்.

கடைதல் என்னும் நமது சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. தயிர் கடைவதும் கடைதல், மரம் கடைவதும் கடைதல். இரண்டுக்கும் என்ன உறவு என்று நான் சிந்தித்ததில்லை. பழைய கடைச்சற் பொறியை அறிந்தால் உறவு விளங்கிவிடும். எகிப்து தேசத்திலே பெற்றோசிரிஸ் என்னும் குருவின் கல்லறைச் சுவரில், கி.மு. 300 ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்ட சித்திரம் ஒன்று இருக்கிறது. இருவர் எதிரெதிரே இருக்கிறார்கள். ஒருவர் மரத்திலே சுற்றிய வாரை இழுத்து விட்டு இழுத்து விட்டுச் சுழற்ற, மற்றவர் உளி பிடிக்கிறார். மத்தும் கயிறும் அன்றி வேறென்ன? மரம் முன்னே சுழலும்போது மட்டும் உளி வெட்டும். பின்னே சுழலும்போது உளியை எடுத்துக்கொள்ள வேண்டும். பாற்கடலிலே வாசுகியைப் பூட்டி இழுத்தவர்கள் செய்ததும் இதே தொழில்தான்.

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. மாத்தளைக்கு அண்மையிலுள்ள ஹப்புவிட என்னும் கிராமம் கடைச்சலுக்கும் அரக்கு வேலைக்கும் பேர்போனது. அரக்கை நூல்போல் இழுத்துப் பெருவிரல் நகத்தாலே ஒட்டிக் கோலமிடுவது அவ்வூர்க் கைவினை. கொழும்பிலே 1877 இல் பிறந்த நமது ஆனந்த குமாரசுவாமி, 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிலே இக்கைவினைகளை விரித்து எழுதியிருக்கிறார். கனிப்பொருள் ஆய்வுத் தலைவராகக் கற்களைத் தேடி ஊரூராக அலைந்தவர், கல்லை விட்டுக் கைத்தொழிலைப் பிடித்துக்கொண்டார். தமிழகத்து அம்பாசமுத்திரத்திலே சிறுமியர் விளையாடும் சொப்புச் சாமான்களும், மைசூரைச் சேர்ந்த சென்னபட்டணத்துப் பொம்மைகளும் கடைச்சற் பண்டங்களே. சென்னபட்டணத்தார், சுழலும் மரத்தின்மேல் அரக்குக் கட்டியை அழுத்துவார்கள். உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்திற் படியும். பிறகு தாழை மடலால் அழுத்தி மெருகேற்றுவார்கள். வெப்பவியல் பாடத்துக்கு இதனிலும் நல்ல உதாரணம் எந்தப் பாடநூலிலும் இல்லை.

பாசுன்னஹேயின் பொறி மோட்டாரில் ஓடுவது. அறுத்த தண்டு ஏறக்குறைய முப்பது சென்ரிமீற்றர் விட்டம். ஈரத்தோடு பதினைந்து கிலோ இருக்கும். அதனைப் பொறியிலே பூட்டி, முதலில் மெதுவாகச் சுழலவிட்டுக் குழி உளியால் வெளிப்புறத்தைத் திரட்டினார். ஈரமரமாதலால் சீவல்கள் நீண்ட நாடாக்களாகக் கழன்று பறந்தன. நீர்த்துளி முகத்தில் அடித்தது. பிசின் மணம் கொட்டகையை நிறைத்தது. அரைமணிக்குள் மணி வடிவம் வந்துவிட்டது. இதுவரை கதிரைக்கால் வேலைதான். உள்ளே குடைந்து சுவரை மெலிதாக்குவதிலேதான் எல்லாம் இருக்கிறது.

எவ்வளவு மெலிதென்று எப்படி அறிவது? நான் கல்லூரியிலிருந்து வேணியர் இடுக்கி ஒன்றைப் பெருமையோடு கொண்டுபோயிருந்தேன். பொறியை நிறுத்தி நிறுத்தி அளந்தால் வேலை முடியாது. அன்றியும் இடுக்கியின் வாய் உட்குழிவுக்கு எட்டவும் இல்லை. அளவுகோல் விளக்குத்தான். சுவரின் வெளிப்பக்கத்திலே ஓர் ஒளிமிகுந்த விளக்கை வைத்துக்கொண்டு உட்பக்கத்தைப் பார்க்கவேண்டும். சுவர் ஆறு மில்லிமீற்றர் இருக்கும்வரை இருட்டு. நான்குக்கு இறங்கியதும் அடுப்புத் தணல்போல ஒரு மங்கற் சிவப்பு. மூன்றில் செம்மஞ்சள். இரண்டில் தேன். மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் நீலத்தைக் கூடுதலாக விழுங்கிவிடுவதால், கடந்து வருவது மஞ்சளும் சிவப்புமே. அம்மாவின் பழைய கண்வில்லை செய்த வேலையை இந்த மரம் செய்யப்போகிறது என்று எனக்கு அப்போதுதான் பளிச்சென்று விளங்கியது. பாசுன்னஹே இந்த விளக்கத்தைக் கேட்கவில்லை. அவர் தமக்கொரு பாஷை வைத்துக்கொண்டார். "பிளேன்ரீ நிறம் வந்தா நிப்பாட்டணும்" என்றார்.

முதற் கூடு நிற்கவில்லை. அது அவர் பிழையன்று, என் பிழை. உளியைச் சற்று நேரம் என்னிடம் தரும்படி கெஞ்சி வாங்கினேன். கிளை புறப்பட்ட இடங்களிலே கணுக்கள் உண்டு. சுற்றியுள்ள மரத்திலும் அவை பன்மடங்கு கடினம், பிசின் நிறைந்தவை. மெல்லிய மரத்திலே போன வேகத்தில் உளி கணுவில் ஏறி எகிறியது. ஒரு வெடிச் சத்தம். கூடு நான்கு துண்டாகக் கொட்டகையின் மூலைகளுக்குப் போயிற்று. உதவிக்கு நின்ற பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பொறுக்கி வந்தான். கடைந்தெடுத்த முட்டாள் என்று அவன் மனத்துக்குள் என்னைச் சொல்லியிருந்தால் அது நியாயமே.

இரண்டாவது கூட்டை அவரே முழுதும் கடைந்தார். பாதி குடைந்த அளவில் மாலையாகிவிட்டது. மிகுதியை மறுநாள் பார்ப்போம் என்று பொறியிலேயே விட்டுப் போனோம். மறுநாள் வட்டம் வட்டமாக இல்லை. ஈரமரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வளையத்தின் வழியே சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையிற் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஓர் இரவிலே வாய் முட்டை வடிவாகிவிட்டது. அதன்மேல் உளி வைத்தால் ஒரு பக்கம் ஓட்டையாகும், மறுபக்கம் தடித்திருக்கும். அப்படியேதான் நடந்தது. அன்று நாங்கள் கற்றது இரண்டு. ஆரம்பித்தால் ஒரே இருப்பில் முடிக்கவேண்டும். விளிம்பிலே தொடங்கி ஒவ்வோர் அங்குலமாக முற்றுப்பெறச் செய்துகொண்டே உள்ளே போகவேண்டும். முடித்த இடத்துக்குத் திரும்பலாகாது. மெலிந்த விளிம்பு ஆதாரமிழந்து நடுங்கும். திருத்தலாம் என்று மீண்டும் தொட்டால் போயிற்று.

நல்ல கணுவரிசையுள்ள துண்டுகள் இனி இரண்டே இருந்தன. கிளைச் சக்கரத்தை நடுவிலே கொண்ட துண்டானாலே கூட்டைச் சுற்றிக் கணுக்கள் வரிசையாக வரும். மிச்சத் தண்டு வெடித்தும் கறுத்தும் போயிருந்தது. அந்த இரண்டையும் முனைகளுக்கு மெழுகு பூசிப் பொலித்தீனிலே சுற்றி, குளியலறையில் வைத்துக் காத்தேன். அம்மா அதைப் பார்த்தார். என்னவென்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, மூன்றாவதும் உடைந்தால் என்ன சொல்வது?

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முந்திய ஞாயிற்றுக்கிழமை, பெப்ரவரி 9. காலை எட்டு மணிக்கே தொடங்கினோம். வெளிப்புறம் முடிந்தது. விளிம்பிலிருந்து உள்ளே பாதித் தூரம்வரை தேன் நிறம் பிசகாமல் வந்துவிட்டது. பதினொன்றரை மணியளவில் பொறி மெல்ல முனகி நின்றது. விளக்கும் அணைந்தது. அன்று இலங்கைத் தீவு முழுவதுமே மின்சாரம் நின்ற கதை உங்களுக்கு நினைவிருக்கும். தெற்கே ஓர் உபமின் நிலையத்திலே குரங்கு ஒன்று புகுந்ததே காரணம் என்று பின்னர் அறிவித்தார்கள். இலங்கையை ஒரு குரங்கு கலக்கியது இது முதல் தடவையன்று என்று ஊரெல்லாம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மில்லிமீற்றர்ச் சுவர், நண்பகல் வெயிலிற் சூடேறும் தகரக் கொட்டகையிலே உலர்ந்துகொண்டிருந்தது.

பையன் ஈரச் சாக்கைக் கொண்டுவந்து போர்த்தினான். ஒருமணி நேரம் காத்திருந்தோம். அப்போதுதான் பாசுன்னஹே கேட்டார், இந்த விளக்கு யாருக்கு, என்ன அவசரம் என்று. இத்தனை ஞாயிறுகளும் அவர் அதைக் கேட்டதில்லை. சொன்னேன்.

1983 ஆம் ஆண்டு ஆடி மாதம், தமிழர் வீடுகள் எரிந்த அந்நாட்களில், எங்களைப் பக்கத்து வீட்டுச் சிங்களக் கத்தோலிக்கக் குடும்பத்தார் தங்கள் பின்னறையிலே மூன்று இரவு மறைத்து வைத்துக் காத்தார்கள். வெளியே ஒளி தெரியலாகாது என்பதால் அவ்வறையில் ஒரு திரி வெளிச்சமும் இல்லை. எனக்கு வயது நான்கு. அம்மாவின் சேலைத் தலைப்பு என் வாயை மூடியிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அமைந்த அகதி முகாம். அதன் பின் கப்பலிலே காங்கேசன்துறை. அந்த மூன்று இரவுக்குப் பின் அம்மா இருட்டிலே உறங்கியதில்லை. 1986 இல் திரும்பி வந்தபோது, அதே பக்கத்து வீட்டு அம்மையார் ஒரு பால்மாப் பேணியிலே வளர்த்த கன்றொன்றைத் தந்தார். அப்பா அதனை முற்றத்திலே நட்டார். மரம் வளர்ந்த பின் ஆண்டுதோறும் மார்கழியில் அதிலிருந்து ஒரு கிளையை வெட்டி அவர்கள் வீட்டுக்குக் கொடுப்பது அப்பாவின் நியமம். அந்த அம்மையாரும் இப்போது இல்லை, பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில்.

பாசுன்னஹே சிறிது நேரம் பேசவில்லை. "அந்த வருஷம் எனக்கு இருபத்திரண்டு வயசு, சேர்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பழைய சைக்கிள் ரியூப் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார்.

"என்ட சீயா கயித்தாலதான் கடைஞ்சது. நான் பாத்திருக்கேன்" என்றார்.

மோட்டாரின் பட்டியைக் கழற்றினார். ரியூபைக் கூரை வளையிலே கட்டி, அதன் நுனியிலே கயிற்றைப் பிணைத்து, கயிற்றைச் சுழல்தண்டின் சில்லிலே இரண்டு சுற்றுச் சுற்றி, மறுநுனியை என் கையிலே தந்தார். நான் கீழே இழுத்தால் மரம் முன்னே சுழலும். விட்டால் ரியூப் சுருங்கி அதைப் பின்னே சுழற்றும். ஐரோப்பியத் தச்சர்கள் வளைந்த இளமரக் கழியைக் கட்டிச் செய்தது இதையே. பையன் கைத்தொலைபேசியின் விளக்கைச் சுவருக்குப் பின்னே பிடித்தான். நான் இழுத்தேன், அவர் வெட்டினார். நான் விட்டேன், அவர் உளியை எடுத்தார்.

முதற் பத்து நிமிடம் எங்கள் தாளம் சேரவில்லை. நான் அவசரப்பட்டேன். "மெதுவா, சேர், மோர் கடையிற மாதிரி" என்றார். தமிழே தாய்மொழியாகக் கொண்ட எனக்கு அந்தச் சொல்லின் பொருளை அவர் அன்று கற்பித்தார். பிறகு சேர்ந்தது. மோட்டாரின் இரைச்சல் இல்லாததால் உளி மரத்திற் படும் ஒலி தெளிவாகக் கேட்டது. தடித்த இடத்தில் அடங்கிய ஒலி, மெலிந்த இடத்திலே ஒருவகைக் கீச்சொலி. கணு வரும்போது 'டக்' என்னும். அவர் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டே வெட்டினார். இரண்டரை மணி நேரம் இழுத்தேன். இடையிலே தோள் மரத்துப்போய்ப் பையனும் நானும் மாறிக்கொண்டோம். அடியிலே, மரத்தின் நடு ஊற்றுக் கண் இருந்த இடத்தைத் துளைத்து மின்குமிழ்ப் பிடிக்கு வழி செய்தபோது மணி மூன்றிருக்கும். மின்சாரம் அப்போதும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபின் எண்ணெய் வேலை. மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. குழாய்களினுள் காற்று. மரநாரின் முறிவுச்சுட்டி ஏறக்குறைய 1.53, காற்றினது 1. இவ்விரண்டின் எல்லையிலே ஒளி மீண்டும் மீண்டும் முறிந்து சிதறுவதாலேயே மரம் ஒளி புகாதது போலத் தோன்றுகிறது. குழாய்களுக்குள் 1.48 அளவிலான முறிவுச்சுட்டியுடைய எண்ணெய் புகுந்தால் சிதறல் குறையும். பலகாரம் சுற்றிய கடதாசியில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் வெளிச்சம் காட்டுவதும் இக்காரணத்தாலேயே. 2016 இல் சுவீடனிலே ஸ்ரொக்ஹோம் நகர அறிஞர்கள் லிக்னினை நீக்கிப் பிசினை ஊட்டிக் கண்ணாடி போன்ற மரத்தையே செய்து காட்டினார்கள். என்னிடம் இருந்தது லின்சீட் எண்ணெயும் மெல்லிய அரத்தாளும் மட்டுமே. தடவுவது, உலரவிடுவது, தேய்ப்பது, மீண்டும் தடவுவது என்று மூன்று வாரம் போயிற்று. மாணவர்கள் இதைச் செய்து பார்ப்பதானால் ஓர் எச்சரிக்கை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள். அது உலரும்போது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும்; தண்ணீரிலே அமிழ்த்தி வையுங்கள். பழைய இழைக் குமிழையும் இத்தகைய கூட்டினுள் மாட்டவேண்டாம். அது வாங்கும் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதியைச் சூடாகவே தரும். மூன்று வாற்று எல்.ஈ.டி. போதும். மரக்கூட்டை நமக்குச் சாத்தியமாக்கியது அந்தக் குளிர்ந்த வெளிச்சமே; அதைக் குறைகூறித் தொடங்கிய நான் இதையும் சொல்லத்தானே வேண்டும்?

கல்லூரித் தராசிலே நிறுத்துப் பார்த்தேன். பதினைந்து கிலோத் துண்டில் எஞ்சியது 170 கிராம்.

மாசி மாதத்து ஓரிரவு, அம்மா சாப்பிட்டு வருவதற்குள் அறையிலே மாட்டிவிட்டு விளக்கை ஏற்றினேன். தேன் நிறச் சுவரிலே ஐந்து கணுக்கள் குங்குமம்போலச் சிவந்து வளையமாக நின்றன. வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு கட்டிலில் அமர்ந்து, வெகுநேரம் பார்த்து, ஒரு கணுவிலே விரலை வைத்தார்.

"இது கொப்பு வந்த இடமோ?"

"ஓம், அம்மா."

"அப்ப ஒண்டு குறையுது. ஆறு கொப்பு. கொப்பர் முதல் முதல் நத்தாருக்கு வெட்டிக் குடுத்தது இதிலதானோ தெரியாது" என்றார்.

அப்படி இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். வெட்டிய கிளையின் அடியும் மரத்துக்குள்ளே கணுவாகவே கிடக்கும்; மறைந்து போகாது. பௌதிக ஆசிரியன் அன்று வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அவரே கேட்டார், யார் கடைந்தது என்று. சொன்னேன். கயிறு இழுத்த கதையையும் சொன்னேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பனங்கட்டிக் குட்டான் ஒன்றை எடுத்துத் தந்து, கொடுத்துவிட்டு வா என்றார். பாசுன்னஹே அதைப் பெற்றுக்கொண்டு, உடைந்த இரண்டுக்கும் கூலி வாங்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். எஞ்சிய ஒரே துண்டைத் தமக்குத் தரலாமா என்றும் கேட்டார். மொறட்டுவையிலே அவர் மகளின் பிள்ளை இரவிலே விழித்திருந்து படிக்கிறாளாம். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதனை அவர் தனியே, மோட்டாரிலே, ஒரே இருப்பிற் கடைந்து முடித்தார். போய்ப் பார்த்தேன். எங்களுடையதிலும் நன்றாக வந்திருக்கிறது. எங்கள் கூட்டின் அடிப்பாதியில், தாளம் சேராத அந்தப் பத்து நிமிடத்திலே வெட்டிய இடம், சற்றுத் தடிப்பு. அங்கே மட்டும் பிளேன்ரீ கொஞ்சம் கூடுதலாக ஊறிய நிறம். அம்மா அந்தப் பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்திருக்கிறார்.